தம்பிக்காக வாங்கிய எண்

அன்புள்ள தம்பிக்கு உன் அண்ணன் தன் கையாலேயே எழுதுவது.

மேலே உள்ள ஒரு வரியை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது முழுதும் ஆயிற்று. ஆகையால் அதை இன்னொரு தரம் படித்துவிட்டுக் கீழே வா. இங்கே நானும் என் மகளும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்க வேண்டியது முறை. நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரிக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் அந்தக் கேள்விக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு விண்ணப்பம். நீ முப்பது வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதில் பிழை திருத்தியவன். நானோ எழுத்துக் கற்றுப் பதினோரு மாதம் ஆனவன். இதில் பிழை மண்டிக் கிடக்கும். திருத்தாதே என்று சொல்லவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டு அப்புறம் திருத்து.

நூலக மாடியில் சாயங்கால வகுப்பில் பதினான்கு பேர் படித்தோம். எங்கள் வயதை எல்லாம் கூட்டினால் ஆயிரத்தைத் தொடும். அதில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்தான் என்று வாத்தியாரம்மாவே சொன்னாள். இப்போது தெருவில் என்னால் நேராக நடக்க முடியவில்லை. எல்லாச் சுவரும் என்னைக் கூப்பிடுகிறது. வங்கிக் கதவில் ‘தள்ளு’ என்று எழுதியிருக்கிறது, தெரியுமா? இத்தனை காலம் அதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காவல்காரன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கிடங்கில் மூட்டை தூக்கினேன், நீ பள்ளிக்கூடம் போனாய், எனக்கு எழுத வேண்டியதை எல்லாம் நீ எழுதினாய். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. கல்யாணத்துக்கு முன்னால் உன் அண்ணிக்கு, “ஞாயிற்றுக்கிழமை மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்து வா” என்று எழுதச் சொன்னேன். நீ “உன் நினைவே எனக்குக் குடை” என்று எழுதினாய். அவள் குடையில்லாமல் வந்து தொப்பலாக நனைந்து பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். இருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கடைசிவரைக்கும் பெட்டியில் வைத்திருந்தாள். போன மாதம்தான் அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், படவா.

இன்று மூன்றாம் நாள். விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

எட்டு மாதமாக நீ அறையை விட்டு வெளியே வருவதில்லை. காலையில் பத்திரிகை வந்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அமைச்சர் அறிக்கையிலிருந்து இரங்கல் விளம்பரம்வரை திருத்தித் தள்ளுகிறவன், இப்போது பத்திரிகையைப் பிரிப்பதே இல்லை. பேனாவில் மை காய்ந்துவிட்டது என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். சாப்பாடு பாதி, சவரம் கிடையாது, மின்விசிறி சத்தம் போட்டால் அதைப் பிடித்துத் திட்டுகிறாய். நடுவில் ஒரு வாரம் திடீரென்று எழுந்து, உட்காராமல், அலமாரியில் உள்ள அத்தனை புத்தகத்தையும் இறக்கி ஏற்றினாய். மறு வாரம் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாய். நான் போன் செய்தேன்.

“ஒரு தடவை டாக்டர்கிட்ட வாடா. இங்க என் மக வேலை பாக்குற ஆஸ்பத்திரியிலயே நல்ல டாக்டர் இருக்காங்க.”

“வந்து என்னன்னு சொல்றது? எனக்கு என்ன வியாதின்னு எனக்கே தெரியல. பேரே இல்லாத வியாதிக்கு எந்தக் கதவைத் தட்டுறது?”

“அவங்க பேர் சொல்லுவாங்கடா.”

“சொல்லுவாங்க, சொல்லுவாங்க. பைத்தியம்னு ஒரே வார்த்தைல சொல்லுவாங்க. அவ்வளவு ஆசையா இருந்தா நீயே போய்க் கேட்டுட்டு வாண்ணே.”

நீ வெறுப்பில் சொன்னாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எட்டு மாதத்தில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கேட்டுவிட்டாயே என்று மறுநாளே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை. என் திட்டம் இதுதான்: உனக்கு இருப்பதை எல்லாம் எனக்கு இருப்பதாகச் சொல்வது, மாத்திரை வாங்குவது, உனக்கு அனுப்பிவைப்பது. இதில் என்ன தவறு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. எனக்காக நீ கடிதம் எழுதவில்லையா? உனக்காக நான் நோயாளியாக இருந்துவிட்டுப் போகிறேன்.

பதிவு மேசையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர், வயது, தொழில், படிப்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது. அங்கே இருந்த பெண், “குடுங்க தாத்தா, நான் எழுதுறேன்” என்று கையை நீட்டினாள். “எழுபது வருஷமா அடுத்தவங்கதாம்மா எழுதினாங்க, இன்னைக்கு நான் எழுதிக்கிறேன்” என்றேன். தொழில் என்ற கட்டத்தில் ‘கிடங்குத் தொழிலாளி, ஓய்வு’ என்றும், படிப்பு என்ற கட்டத்தில் ‘பதினோரு மாதம்’ என்றும் எழுதி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. முதுகுவலிக்கு வந்த ஒரு ஆள், “பெரியவரே, நீங்க முடிக்கிறதுக்குள்ள எனக்கு வலி போயிடும்போல” என்றான். “அப்ப நீ எனக்கு நன்றி சொல்லணும்” என்றேன். வரிசையே சிரித்தது. என் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுத்தான் மனநல மருத்துவர் அறைக்கு வழிகாட்டச் சற்றுத் தயங்கினார்கள் என்று நினைக்கிறேன்.

டாக்டரம்மாவைப் பற்றி உனக்கு விவரமாக எழுத வேண்டும். அந்த அறையில் நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமே கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னல் ஓரத்தில் வாடிப்போன ஒரு செடி. செடியைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனிதர்களைக் கவனிப்பதில் செடியை மறந்திருக்கிறாள். உனக்கு என்ன வியாதி என்று அவள் கேட்கவில்லை. “என்ன பண்ணுது, எப்பலேர்ந்து பண்ணுது?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நம் வீட்டில் அப்படிக் காத்திருக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. நான் உன் கதை முழுவதையும் என் கதையாகச் சொன்னேன். அறையை விட்டு வெளியே வருவதில்லை என்றேன். எட்டு மாதமாகச் சிரிக்கவே இல்லை என்றேன். சொல்லும்போதே அந்த முதுகுவலிக்காரன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பசியே கிடையாது என்றேன், அடுத்த மூச்சில், “சாப்பாட்டுக் கூடம் எத்தனை மணிக்கு மூடுவாங்க?” என்று கேட்டுவிட்டேன். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தினேன், இப்போது சிவப்புப் பேனாவைத் தொட மனசு போகவில்லை என்றும் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். உயிரோட இருந்து என்ன ஆகப்போகுதுன்னு எப்பவாவது தோணியிருக்கா?”

தம்பி, அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் உன் பதிலை நான் சொல்லிவிட்டேன். இதற்கு உன் பதில் எனக்குத் தெரியவில்லை. உன்னை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். உனக்கு எந்தக் காது கேட்காது, எந்தப் பல் கூசும் எல்லாம் தெரியும். இது தெரியவில்லை. “தெரியல டாக்டரம்மா” என்றேன். “தெரியலையா, சொல்ல இஷ்டமில்லையா?” என்றாள். “நெசமாவே தெரியல” என்றேன். அவள் ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். அதன் பிறகு வெகுநேரம் என்னென்னவோ மெதுவாகக் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்று எட்டாம் நாள். மேலே உள்ள பத்தியை எழுதிவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை.

கடைசியில் மாத்திரை கொடுக்கவில்லை. என் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. “ஒரே நாள் பாத்துட்டு முடிவா சொல்ல மாட்டேன். தனியா இருக்காதீங்க, வீட்ல ஒருத்தர் கூடவே இருக்கட்டும், நாலு நாள்ல திரும்ப வாங்க” என்று சொல்லிச் சீட்டைத் தந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து விரலை வைத்து நானே படித்தேன். ‘மனநிலைக் கோளாறு, வகை குறிப்பிடப்படவில்லை.’ எவ்வளவு நீளமான வார்த்தை! ஒரு இடத்தில்கூட இடறாமல் படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாளுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

வீட்டில் சீட்டைப் பார்த்ததும் என் மகள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “என் கூடவே இருக்கீங்க. எனக்குத் தெரியாமப் போச்சேப்பா” என்றாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தச் சீட்டின் மேல் ஒரு மோகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் ஏதோ புத்தகம் பார்த்து நம்பர் தட்டுகிறவள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்; பேச்சை மாற்றுவதற்காக, “இதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன நம்பர்?” என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எஃப் முப்பத்தொன்பது” என்றாள். புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. பெற்றவனுக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல்.

அவள் வேலை என்னவென்று இத்தனை நாள் எனக்குப் புரிந்ததில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டுகிறாள் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு விளக்கினாள். உலகத்தில் மனிதனுக்கு வருகிற கோளாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கிறது. டாக்டர் எழுதியதைப் படித்து இவள் அந்த எண்ணைப் போடுகிறாள். டாக்டர் எழுதாத ஒன்றை இவளாக ஊகித்துப் போடக் கூடாது. வெளிநோயாளிக்கு, ‘மனச்சோர்வாக இருக்கலாம்’ என்று எழுதினால் மனச்சோர்வு எண் கிடையாது. ‘இருக்கலாம்’ என்பதற்கு அங்கே நாற்காலி போடுவதில்லை. மனசு சம்பந்தப்பட்டது எல்லாம் எஃப். முப்பது என்றால் ஏறிப் பறக்கிற மனசு, முப்பத்தொன்று என்றால் ஏறியும் இறங்கியும் ஆடுகிற மனசு, முப்பத்திரண்டு என்றால் இறங்கியே கிடக்கிற மனசு. மனநிலையில்தான் கோளாறு என்பது உறுதி, ஆனால் எந்த வகை என்று சொல்ல இன்னும் போதிய ஆதாரம் இல்லை என்றால் முப்பத்தொன்பது.

கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். தம்பி, இது எங்கள் கிடங்கின் பதினேழாம் தட்டு! ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு குறி இருக்கும். முக்கோணம் என்றால் ஒரு தட்டு, இரட்டைக் கோடு என்றால் ஒரு தட்டு. வழியில் குறி அழிந்து வருகிற மூட்டையை என்ன செய்வோம்? தூக்கி எறிய மாட்டோம். இதுவாகத்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாக முக்கோணத் தட்டிலும் ஏற்ற மாட்டோம். தவறான தட்டில் ஏறிய மூட்டை தவறான ஊருக்குப் போய்விடும். பதினேழாம் தட்டில் பத்திரமாக வைத்து, நனையாமல் பார்த்துக்கொண்டு, விவரம் தெரிந்ததும் உரிய இடத்துக்கு மாற்றுவோம். நாற்பத்தொரு வருஷம் நான் செய்ததை என் மகள் ஆஸ்பத்திரியில் செய்கிறாள். ‘தெரியவில்லை’ என்பதையும் இடம் போட்டு வைத்து மரியாதை செய்கிற புத்தகத்தை எழுதினவர்கள் லேசுப்பட்டவர்களா? பேர் இல்லாத வியாதிக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டாயே, கதவு எண் முப்பத்தொன்பது.

சந்தோஷம் தாங்காமல் உன் வீட்டுக்காரிக்குப் போன் செய்து, “அம்மாடி, எனக்கு எஃப் முப்பத்தொன்பது குடுத்துட்டாங்க! மனநிலைக் கோளாறு!” என்று பரீட்சையில் தேறினவன் மாதிரிச் சொன்னேன். அவள், “மாமா... உடம்பப் பாத்துக்கோங்க” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் என் கேஸ் ஷீட்டு, எல்லாரையும் விட்டுவிட்டு, என் மகள் மேசைக்கே போய்ச் சேர்ந்தது. ‘அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர், சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை’ என்ற வரியைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது, இது அப்பா உடம்புக்குள் புகுந்த சித்தப்பா என்று. ஆனால் சொந்தக்காரர் காகிதத்தை அவள் தொடக் கூடாதாம். அந்த வரியோடு மூடித் தன் மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு அந்த அறையில் ‘ஆதாரம்’ என்று பட்டப்பெயர், யார் எது சொன்னாலும் “ஆதாரம் எங்க?” என்று கேட்பாராம். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு டாக்டருக்கு ஒரு கேள்விச் சீட்டு அனுப்பினார்: ‘பதிவுத் தாளில் நோயாளி கிடங்குத் தொழிலாளி, படிப்பு பதினோரு மாதம். உங்கள் குறிப்பில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். எட்டு மாதமாக அறையை விட்டு வெளியே வராதவர் தனியாக நடந்து வந்ததாகவும் பதிவாகியுள்ளது. விளக்கவும்.’ நம் அப்பாகூட என் பொய்யை இவ்வளவு சீக்கிரம் பிடித்ததில்லை.

டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

“யாரோட கதை ஐயா இது?”

“தம்பியோடது.”

“மாத்திரை எழுதியிருந்தா?”

“அவனுக்கு அனுப்பியிருப்பேன்.”

“என்ன, ஏதுன்னு பாக்காமலே? அவர் வேற என்ன மாத்திரை சாப்பிடுறார்னு தெரியாமலே?”

நன்றாகத் திட்டினாள். திட்டிவிட்டு, “அன்னைக்கு ஒரு கேள்விக்கு மட்டும் தெரியலன்னு சொன்னீங்க. அது ஒண்ணுதான் அன்னைக்கு உங்க சொந்தப் பதில். அதுக்காகத்தான் உங்களச் சும்மா அனுப்ப மனசு வரல” என்றாள். பிறகு தன் குறிப்பைத் திருத்தினாள். எப்படித் திருத்தினாள் தெரியுமா? கிறுக்கி மறைக்கவில்லை. தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கிறதை இன்னும் படிக்கலாம். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. உன் கையைப் பார்த்தது போலவே இருந்தது.

அப்போது என் முப்பத்தொன்பது பறிபோனது. வருத்தமாகத்தான் இருந்தது. ‘தம்பிக்காக ஆலோசனை கேட்க வந்தவர்’ என்று டாக்டரம்மா எழுதினாள். இதற்குப் புத்தகத்தில் எங்கே இடம் இருக்கப்போகிறது, என்னை எண் இல்லாமல் வெளியே தள்ளப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆதாரம் அம்மாள் கொஞ்சமும் அசராமல், “இசட் எழுபத்தொன்று புள்ளி சைபர்” என்றாராம். இன்னொருவருக்காக ஆலோசனை கேட்க வந்தவர் என்று அந்தப் புத்தகத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறது, தம்பி! என்னைப் போல ஒருவன் இப்படி வந்து நிற்பான் என்று யோசித்து எனக்கும் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அதை எழுதின கூட்டத்தில் யாரோ ஒருவருக்குத் தம்பி இருந்திருக்க வேண்டும்.

எண் மாறிய செய்தியை உன் வீட்டுக்காரிக்குப் போனில் சொல்லவில்லை. கடிதத்தில் படித்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறேன். போனில் சொல்லிவிட்டால் நான் எழுதி என்ன பயன்?

ஆகவே கிளம்பி வா. வராமல் இருக்க நீ சொன்ன காரணம் ஒவ்வொன்றையும் நான் போய்ப் பார்த்துவிட்டேன், அங்கே ஒன்றும் இல்லை. பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை; அந்த வார்த்தைக்குப் புத்தகத்தில் எண்ணே கிடையாது என்று என் மகள் சொல்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற இடம் அது. உனக்கு எந்த எண் என்று நான் சொல்ல முடியாது. நான் உன் சார்பில் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன், ஒரே ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். அதை நீதான் வந்து சொல்ல வேண்டும். என்ன பதிலாக இருந்தாலும் நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் ஆசீர்வாதம். உனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். நீ பல்லாண்டு இருந்து நான் எழுதுவதில் பிழை கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் (கையெழுத்து, இனிமேல் கைநாட்டு இல்லை)

பின்குறிப்பு: மேலே ‘கிளம்பி வா’ என்று எழுதியதில் டாக்டரம்மா பாணியில் ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன், பார். கடிதம் தொடங்கிப் பத்தொன்பதாம் நாளான இன்று, உறையில் விலாசம் எழுத உட்கார்ந்தபோது, கையில் பையோடு நீயே வந்து நிற்கிறாய். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம். “அண்ணே, உனக்கு மனசு சரியில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்களாமே. என் வீட்டுக்காரி நேத்துதான் என்கிட்ட சொன்னா, இத்தனை நாளா மூடி வெச்சிருந்திருக்கா. ஏண்ணே என்கிட்ட சொல்லல?” என்கிறாய். “அதத்தான்டா பத்தொன்பது நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றால் உனக்குப் புரியவில்லை. “அந்த டாக்டர நான் பாக்கணும், எங்கண்ணனப் பத்திப் பேசணும்” என்று என் மகளிடம் ஒற்றைக்காலில் நிற்கிறாய். “அதுக்கும் நம்பர் இருக்கு சித்தப்பா. அப்பா வாங்கின அதே நம்பர்தான்” என்று அவள் சிரிக்கிறாள். தபால் செலவில்லாமல் கடிதத்தை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். முதல் பக்கத்திலேயே சிவப்புப் பேனா கேட்டாய். கடைசிப் பக்கம் வரைக்கும் பொறு என்று எழுதியிருந்ததையே முதலில் திருத்தினாய். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது நீ படித்து முடித்த பக்கங்கள் ஒவ்வொன்றாக என் பக்கம் வருகின்றன, அம்மை போட்ட குழந்தைகள் மாதிரி. டாக்டரம்மா கேட்ட அந்தக் கேள்வி உள்ள பக்கத்தை மட்டும் நீ வெகுநேரம் வைத்திருந்தாய். இப்போதுதான் தள்ளினாய். அதில் ஒரு பிழையும் திருத்தவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய், நானே விரல் வைத்துப் படித்துவிட்டேன்: ‘இதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நாளைக் காலை போகலாம். குடை எடுத்து வா.’